நனைந்தது மட்டும் நிச்சயம்

அவரிடம் ஒரு சின்ன விசயம் கேட்டுப் பாருங்கள், தலையிடி வந்துவிடும். நான் எத்தனையோ தரம் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன். காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் அவருடைய படலையடியில் நின்று, "அன்ரி, சீனன்குடா பஸ் போயிட்டுதா?" என்பேன். அவர் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியபடி யோசிப்பார். ஒரு பஸ்ஸைப் பற்றி ஒரு மனுசி இவ்வளவு யோசிப்பாளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு பஸ் போனது பிள்ளை. சிவப்பு பஸ். அது சீனன்குடா பஸ்தான் எண்டு சத்தியமாச் சொல்ல ஏலாது. போர்டைக் காணேல்ல."

"இந்த நேரத்தில வேற எந்த பஸ் அன்ரி இஞ்சால போகும்?"

"அது சரி. ஆனா நான் போர்டைக் காணேல்லையே."

இதற்கிடையில் அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே மதில். துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் ரெலிபோன் ஒப்பரேற்றராக இருந்து பென்சன் எடுத்தவர். அங்கேயும் இதே கதைதானாம். ஒருவருக்கு லைனைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டாராம். அவர்கள் கதைக்கத் தொடங்கியதும் நடுவில் புகுந்து, "கிடைச்சுதா? வடிவாக் கேக்குதா?" என்பாராம். பெரிய அதிகாரிகள் ஏசுவார்களாம். ஏச்சையும் வாங்கிக்கொண்டு அடுத்த லைனிலும் அதையே கேட்பாராம்.

கலியாணமும் இப்படித்தான் கைநழுவிப் போனது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் ஒரு மரியாதைக்கு, "மகள், பிடிச்சிருக்கோ?" என்று கேட்டிருக்கிறா. இவர் குனிந்த தலை நிமிராமல், "இன்னும் தெரியேல்ல மாமி" என்றிருக்கிறார். வந்தவர்கள் பலகாரத்தைக்கூடத் தொடாமல் எழும்பிப் போய்விட்டார்கள். இதை அவரே எனக்குச் சொன்னார், சிரிக்காமல். "தெரியேல்லத்தானே பிள்ளை. வந்து இருந்து ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில என்னத்தைத் தெரியும்?"

தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அந்த மனுசிக்கு வராது. வேறு எத்தனையோ அவருக்கு வரும், சமையல் வரும், பாட்டு வரும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியக் கண்முழிக்க வரும். இது மட்டும் வராது. நீங்கள் இதைப் படித்துவிட்டு, "ஆகா, என்ன நல்ல குணம்" என்று தலையாட்டுவீர்கள். ஆட்டாதேயுங்கள். இந்தக் குணத்துக்காக ஒரு சபை முழுவதும் சேர்ந்து, வருசக்கணக்காக அவரைப் பந்தியில் பட்டினி போட்டது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொதி வருகிறது. அந்தக் கொதியோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் சபை சின்னது. தகரக் கூரை போட்ட மண்டபம், பின்னால் மதில், மதிலுக்கு அங்கால் துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி. பீங்கான் தட்டில் அப்பத் துண்டுகள் வரும், அதன் பின்னால் திராட்சரசம் வரும். அதை எடுப்பதற்கு எங்கள் சபையில் ஒரு சட்டம் இருந்தது. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால் மட்டும் போதாது. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். எந்த நாளில் மனந்திரும்பினேன், எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லி, கடைசியில், "நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேன் என்ற நிச்சயம் எனக்கு உண்டு" என்று முடிக்க வேண்டும். அந்தக் கடைசி வசனத்தை ஒருதரம் சொன்னால் காணும், வேறொன்றும் வேண்டாம். அதற்குப் பிறகு நீங்கள் பெண்சாதிக்கு அடித்தாலும், அண்ணன்தம்பியின் காணிக்கு வேலி தள்ளிப் போட்டாலும், தட்டு உங்களிடம் நிற்கும். சொல்லாவிட்டால் தட்டு உங்களைத் தாண்டிப் போகும்.

பந்திக்கு முன்னால் போதகர், "இன்று சாட்சி சொல்ல யாரும் உண்டா?" என்று கேட்பார். அன்ரி எழும்புவார். வருசம் முழுக்க, மாதம் தவறாமல் எழும்புவார். சாறித் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, தெளிவான குரலில் சொல்வார். "நான் பாவி எண்டு எனக்குத் தெரியும். இயேசு எனக்காக மரிச்சார் எண்டு நம்புறன். அவரை விட்டா எனக்கு ஒருத்தரும் இல்லை." அதோடு நிற்பார். மண்டபம் காத்திருக்கும்.

"நிச்சயம், சிஸ்டர்?" என்பார் போதகர்.

"அது இன்னும் தெரியேல்ல பாஸ்டர். தருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

இருந்துவிடுவார். தட்டு வரும். என் அம்மாவின் கையிலிருந்து அதை இரண்டு கையாலும் வாங்கி, மற்றப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். தட்டுக்குள் பார்க்கமாட்டார். ஆனால் கொடுத்த பிறகு விரல்களை ஒருதரம் மூக்கடிக்குக் கொண்டுபோவார். நான் பக்கத்து வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த மனுசிக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை. நகை இல்லை, வீடு பெரிதாக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. நான் ஆண்டவருடைய பிள்ளைதானா, எனக்கும் அந்தப் பந்தியில் இடம் இருக்கா, இது ஒன்றுதான் அவருக்கு வேண்டும். அதைத்தான் நாங்கள் கைமாற்றிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. மதிலுக்கு மேலால் கத்தினேன். "அன்ரி, எல்லாரும்தானே சொல்லினம். நீங்களும் அந்த ஒரு வசனத்தைச் சொல்லி விடுங்கோவன். ஆர் உங்கட நெஞ்சைத் திறந்து பாக்கப் போகினம்?"

அவர் உடுப்புக் காயப்போட்ட கையோடு திரும்பிப் பார்த்தார். "தெரியாததைத் தெரியும் எண்டு அவருக்கு முன்னாலயே எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? பந்தி அவரின்ரயெல்லோ. அவருக்குத் தெரியுமே."

எனக்கு இன்னும் கோபம் வந்தது.

என் தம்பியின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அம்மாவின் கரைச்சல் தாங்காமல் ஒரு ஞாயிறு எழும்பிச் சாட்சி சொன்னான். மனந்திரும்பிய நாள் என்று அவன் சொன்னது, இலங்கை அணி ஒரு மாட்ச் வென்ற நாள். அதுதான் அவனுக்கு ஞாபகம் இருந்த திகதி. "அன்றைக்கு என் உள்ளத்தில் ஒரு பெரிய சந்தோசம் பொங்கினது" என்றான் பாவி. பொங்கியது உண்மைதான், பட்டாசும் கொளுத்தினவன். மண்டபம் அல்லேலூயா என்றது. அம்மா அழுதா. கடைசி வசனத்தை அவன் சிங்கம் மாதிரி முழங்கினான். தட்டு அவனிடம் நின்றது. இரண்டு துண்டு எடுத்தான் என்று நினைக்கிறேன்.

அன்று பின்னேரம் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பிக்கு முன்னால் கதிரையில் இருந்து, அவனைவிட இரண்டு மடங்கு வயது மூத்தவர், ஏதோ கடைக்குட்டி கேட்பது போலக் கேட்டார். "தம்பி, உமக்கு எப்பிடித் தெரிஞ்சது? உள்ளுக்கு எப்பிடி இருந்தது? எனக்கு ஒருக்கா வடிவாச் சொல்லும்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அன்ரி, சும்மா சொன்னனான். பகிடிக்கு."

அவர் ஏசவில்லை. "அப்ப அந்த அப்பத்தைத் திண்டிட்டீரே" என்றார். அவ்வளவுதான். தகுதியில்லாமல் பந்தி எடுப்பவனுக்குத் தண்டனை என்று வேதத்தில் இருக்கிறது. அந்தக் கிழமை முழுவதும் அவர் வீட்டுக் குசினியில் புகை எழும்பவில்லை. தம்பிக்காக உபவாசம் இருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. உண்டவன் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்க, உண்ணாதவர் அவனுக்காகப் பட்டினி கிடந்தார். இவருக்குத்தான் விசுவாசம் போதாதாம்!

ஞானஸ்நானத்தை அவர் இரண்டு தரம் எடுத்தார். அது இன்னொரு விசர்க் கதை. முதல் தரம் பழைய போதகர் டச்பே கடலில் கொடுத்தார். சாய்க்கிற நேரம் அலை பின்வாங்கி, அன்ரியின் கொண்டை தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டதாம். அதைக் கரையில் நின்ற ஒரு சகோதரி கண்டிருக்கிறா. கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டாமா? மெனக்கெட்டு வந்து சொன்னா. அதிலிருந்து அன்ரிக்கு நித்திரை இல்லை. தன்னில் ஒரு துண்டு முழுகவில்லை, அதுதான் நிச்சயம் வரவில்லையோ என்று யோசிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் புதுப் போதகர் வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல குரல், வெள்ளைச் சேர்ட் கசங்காது. அன்ரி அவரிடம் போய்க் கேட்டார். அவர் ஒரு நல்ல மனுசனாக இருந்திருந்தால், "போங்கோ சிஸ்டர், ஆண்டவர் கொண்டையைப் பாத்தா பிள்ளையளைப் பொறுக்கிறவர்?" என்று சிரித்து அனுப்பியிருப்பார். இவர் சிரிக்கவில்லை. "நிச்சயம் இல்லாமல் எடுத்த ஞானஸ்நானம் வெறும் குளிப்பு. திரும்ப எடுங்கோ" என்றார்.

எல்லோரும் போனோம். அன்ரி தலைமயிரை அவிழ்த்து விட்டிருந்தார். போதகர் அவரைத் தண்ணீருக்குள் பிடித்து அமத்திய அமத்தில், மனுசி உப்புத் தண்ணீர் குடித்து, இருமி இருமி எழும்பினார். கண் சிவந்து, மூச்சு வாங்க நிற்கிறார். போதகர் கரைக்கும் கேட்கத்தக்கதாக, "சகோதரி, இப்ப நிச்சயமா?" என்று முழங்கினார்.

அன்ரி முகத்து மயிரை ஒதுக்கி யோசித்தார். கடலுக்குள் நின்றும் யோசித்தார் அந்த மனுசி.

"நனைஞ்சது நிச்சயம் பாஸ்டர். மற்றது தெரியேல்ல."

அங்காலே கரைவலை இழுத்துக்கொண்டிருந்த சல்லிக் கிராமத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போதகர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு இந்த மனுசி ஒரு தோல்வியாகப் போய்விட்டார். தான் கை வைத்தும் நிச்சயம் வராத ஒரே ஆள். பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொல்லுவார், "சிலர் இருக்கிறார்கள், வருசக்கணக்காகச் சபைக்கு வருவார்கள், உள்ளே ஒன்றுமில்லை." எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். அன்ரியும் தலையாட்டுவார், "ஓம், உண்மைதான்" என்று. அதைப் பார்க்க எனக்கு ஆரைக் கூடுதலாக ஏசுவது என்றே தெரியாது, போதகரையா, இவரையா.

பிறகு 2019ஆம் ஆண்டின் அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. வேறு ஊர்களில் ஆராதனைக்குப் போன சனங்கள் குண்டுகளில் செத்தார்கள். குண்டு கட்டி வந்தவர்கள் சில முஸ்லிம் தீவிரவாதிகள், அதற்குப் பிறகு எந்த முஸ்லிம் பொடியனைக் கண்டாலும் சனத்துக்குச் சந்தேகம். திருகோணமலையில் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் ஒருவருக்கும் உயிர் உயிராக இல்லை. சில கிழமை கடற்படைப் பொடியன்கள் சபை வாசலில் துவக்கோடு நின்றார்கள். பிறகு, உங்கள் ஆட்களையே வாசலில் போடுங்கள், வருகிறவர்களின் பைகளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

போதகர் ஆராதனை முடிவில் கேட்டார். "ஒரு சகோதரி வேணும். பெண்களின்ர பைகளைப் பாக்க வேணும். ஆராதனை முடியும் வரைக்கும் வெளியில நிக்க வேணும். யார் முன்வாறது?"

சாட்சி சொன்ன வாய்கள் எல்லாம் அடைத்துப்போயின. சிலர் கூரையைப் பார்த்தார்கள். சிலருக்குத் திடீரென்று கைப்பைக்குள் ஏதோ தேட வேண்டி வந்தது. மரித்தால் மறுநொடி மோட்சம் என்று ஒலிவாங்கியில் அழுத சகோதரிமார்! என் அம்மாவும்தான். அன்ரி எழும்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குப் பயமில்லையா?"

"ஏன் இல்லை? நல்லாப் பயம். செத்தா எங்க போவன் எண்டு எனக்குத் தெரியாதே பிள்ளை."

"அப்ப ஏன் போறீங்கள்?"

"ஆரும் ஒராள் நிக்கத்தானே வேணும். உள்ளுக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுத் தொடங்கியதும் இரும்புக் கேற்றை உள்ளே இருந்து பூட்டுவார்கள். பூட்டின் திறப்பு சபை மூப்பரின் சேர்ட் பொக்கற்றில். உள்ளே பொன்மய நகரத்தைப் பற்றிக் கைதட்டிப் பாடுவார்கள். வெளியே வெயிலில், ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு குடை, இவர். மோட்சம் நிச்சயம் என்றவர்கள் எல்லாம் பூட்டுக்கு உள்ளே. நிச்சயம் இல்லாத ஒரே மனுசி பூட்டுக்கு வெளியே. இதைக் கண்டும் ஒருவருக்காவது வெட்கம் வந்ததா? வரவில்லை.

நான் போதகரிடம் நேரே போய்க் கேட்டேன். "பந்திக்குத் தகுதி இல்லாதவவுக்கு, குண்டுக்கு முன்னால நிக்க மட்டும் தகுதி இருக்கோ?"

"அது அவவுக்கு ஒரு ஊழியம், சகோதரி" என்றார் அமைதியாக.

"ஊழியத்துக்குச் சாட்சி தேவையில்லையா?"

"உங்களுக்குக் கோப ஆவி இருக்கு. ஜெபிக்க வேணும்" என்றார். ஓம், இருக்குது. இருக்கட்டும்.

அந்த மாதங்களில் ஒரு ஞாயிறு, சபைக்கு எதிரே மரத்தடியில் ஓர் இளம் முஸ்லிம் பொடியன் வந்து நின்றான். தாடி, தோளில் பெரிய பை, கையில் போன். யன்னலால் ஒருவர் கண்டுவிட்டார். அவ்வளவுதான். பாட்டு நின்றது, கதிரைகள் விழுந்தன, சனம் பின் மதிலை நோக்கி ஓடியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினா. மூப்பர் பொலிசுக்குப் போன் போட்டார். வெளியே ஒரு மனுசி இருக்கிறாவே, அவவை உள்ளே எடுப்போம் என்று ஒருவரும் கேற்றுக்குப் போகவில்லை. திறப்பு பொக்கற்றில்தான் இருந்தது.

பொலிஸ் வந்து பொடியனின் கையைப் பிடித்த பிறகு எல்லோருக்கும் தைரியம் வந்தது. வெளியே வந்து சூழ்ந்துகொண்டார்கள். மூப்பர் சத்தமாகச் சொன்னார், "கேற்றைத் தள்ளி உள்ள வரப் பாத்தவன். இந்த சிஸ்டர் முன்னாலதான் இருந்தவ. கேட்டுப் பாருங்கோ." அந்த நாட்களில் ஒரு சொல் காணும், ஒரு பொடியன் மாதக்கணக்கில் உள்ளே கிடக்க. எல்லோருக்கும் அது தெரியும். பொடியனுக்கும் தெரியும்.

போதகர் அன்ரியின் தோளில் கை வைத்தார். "சொல்லுங்கோ சிஸ்டர். பயப்பிடாதேங்கோ."

அன்ரி வழக்கம்போல யோசித்தார். பிறகு சொன்னார், "அவர் கேற்றைத் தொடேல்ல. நான் கேற்றுக்கு முன்னாலதான் இருந்தனான். புல்மோட்டையில இருந்து வந்தவராம், அவரின்ர மனிசி பக்கத்து டொக்டரிட்ட இருக்கிறாவாம். நான் கேக்க முன்னமே பையைத் திறந்து காட்டினவர். குழந்தைப்பிள்ளையின்ர உடுப்பு. தண்ணி கேட்டார், குடுத்தனான். வேறொண்டும் நடக்கேல்ல."

"நிச்சயமா?" என்றார் பொலிஸ்காரர்.

"ஓம். இது நிச்சயம்."

அந்தக் கடற்கரைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். பக்கத்து டிஸ்பென்சரியிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு அழுதுகொண்டு ஓடிவந்தாள். பொடியனை விட்டுவிட்டார்கள். அவன் போகும்போது அன்ரியின் முன்னால் நின்று நெஞ்சில் கை வைத்தான். அன்ரி, "பிள்ளைக்கு வெயில் படுது, போங்கோ மகன்" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் என்ன தெரியுமா? நிச்சயம் இல்லாதவர்களுக்கு ஆவிகளைப் பகுத்தறியும் வரம் இருக்காது என்று. அன்று மாதத்தின் முதல் ஞாயிறு, பந்திக்கு மட்டும் அன்ரியை வாசலிலிருந்து உள்ளே எடுத்திருந்தார்கள். தட்டு வந்தது. அன்ரி வாங்கி, கொடுத்தார்.

சில வருசங்களில் அவருக்கு வயிற்றில் வருத்தம் வந்தது. கண்டுபிடிக்கிற நேரம் மிஞ்சிப் போய்விட்டது. எங்கள் ஆஸ்பத்திரி வார்ட்டில் யன்னலோரக் கட்டில். நான் வேலை செய்கிற மருந்துக்கடை பக்கத்தில்தான், அதனால் பகலில் ஓடி ஓடிப் போய்ப் பார்ப்பேன். மெலிந்து மெலிந்து போனார். பயம் மட்டும் மெலியவில்லை. "ஆண்டவர் என்னைத் தெரியாதெண்டு சொல்லிப் போட்டா என்ன செய்யிறது பிள்ளை?" என்று கேட்பார். நான் என்ன சொல்ல? "சொல்லட்டும் பாப்பம், நான் வந்து கதைக்கிறன்" என்பேன். சிரிப்பார். சிரித்தால் வயிறு நோகும்.

ஒருநாள் மத்தியானம் போதகர் வந்தார், அம்மாவும் கூட. போதகர் கையில் ஒரு சின்ன டப்பா. திறந்து கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியில் வைத்தார். உள்ளே ஒரு துண்டு அப்பம், ஒரு சின்னக் கிண்ணத்தில் திராட்சரசம். வார்ட்டின் மருந்து மணத்துக்குள்ளும் அந்த ரசத்தின் மணம் வந்தது. அன்ரி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

"சிஸ்டர், இனிப் பிந்த ஏலாது" என்றார் போதகர். "அந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்கோ. நான் இப்பவே தாறன்."

சாகக் கிடக்கிற மனுசியிடம் பேரம் பேசுகிறானே! அதே நேரம், சொல்லிவிடுங்கோ அன்ரி, சொல்லிவிடுங்கோ என்றும் என் மனம் அடித்துக்கொண்டது. ஒரு வசனம்தானே.

அன்ரி என்னைப் பார்த்து, நிமிர்த்தச் சொன்னார். தலையணையை முதுகுக்கு வைத்தேன். அவர் குரல் உடைந்திருந்தது, ஆனால் வார்த்தை தெளிவு. "பாஸ்டர், நான் அவரை ஒவ்வொரு நாளும் கூப்பிட்டனான். அவர் லைனை எடுத்தாரோ எண்டு எனக்குத் தெரியாது. ஒருநாளும் தெரியேல்ல. ஆனா வேற ஒருத்தரையும் நான் கூப்பிடேல்ல. நிச்சயம் இல்லாமலேதான் இவ்வளவு காலமும் அவரை நம்பினனான். இது காணாதெண்டா, அவர் சொல்லட்டும். நீங்கள் சொல்லாதேங்கோ."

அவர் கோபப்பட்டு நான் கண்டது அது ஒன்றுதான். போதகர் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனார். அம்மா அவர் பின்னால் போனா.

"கன்ரீனில பாண் வாங்கிக்கொண்டு வாறன் அன்ரி. அதையே அப்பமா நான் ஜெபிச்சுத் தாறன்" என்றேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"விசரி. அது களவு" என்றார். பிறகு, "நான் கடுமையாக் கதைச்சுப் போட்டனோ?" என்றார். இல்லை என்றேன். "சரி" என்றார். திருப்பிக் கேட்கவில்லை. அவர் ஒன்றைத் திருப்பிக் கேட்காமல் விட்டது அதுதான் முதல்தரம். கண்ணை மூடி நல்ல நித்திரை கொண்டார். அவருக்கு அன்றைக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது. அந்தக் கிழமையே அவர் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு மண்டபம் நிறைந்த சனம். பெட்டி முன்னால். போதகர் ஒலிவாங்கியைப் பிடித்தார். வெள்ளைச் சேர்ட், அதே குரல்.

"நம் சகோதரி நீண்ட காலம் சந்தேகத்தோடு போராடினார். ஆனால் கர்த்தர் நல்லவர். கடைசி நேரத்தில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணீரோடு சொன்னார், பாஸ்டர், இப்போது எனக்கு நிச்சயம் உண்டு என்று. என் கையாலேயே அப்பத்தை வாங்கினார்."

மண்டபம் அல்லேலூயா என்றது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் அந்த வார்ட்டில் நின்றவதானே, ஒவ்வொரு சொல்லையும் கேட்டவதானே. அம்மா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தா.

எழும்பினேன்.

"அவ அப்பிடிச் சொல்லேல்ல. நான் பக்கத்தில நிண்டனான்."

"இருடி" என்று அம்மா என் சாறியைப் பிடித்து இழுத்தா.

"சகோதரி துக்கத்தில இருக்கிறா" என்றார் போதகர் ஒலிவாங்கியில், எல்லோருக்கும் விளங்கத்தக்கதாக. "நாங்கள் அவவுக்காக ஜெபிப்போம்."

"ஜெபிக்கிறதுக்கு முதல் கேளுங்கோ" என்றேன். அன்ரி கட்டிலில் நிமிர்ந்து இருந்து சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அந்தச் சனத்துக்கு முன்னால் சொன்னேன். டப்பா மூடிப் போனதையும் சொன்னேன்.

"ஒரு பொய்யைச் சொல்லியிருந்தா முதல் மாதமே நீங்கள் அவவுக்கு அப்பம் குடுத்திருப்பீங்கள். அவ சொல்லேல்ல. சாகிற வரைக்கும் சொல்லேல்ல. இவ்வளவு காலமும் அந்த வாயில ஒரு துண்டு அப்பம் வைக்காதனீங்கள், இப்ப அது மூடின பிறகு பொய்யை வைக்காதேங்கோ."